பென்ரித் அணியின் வெற்றிகள்: 2021-க்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்ரித் பேந்தர்ஸ் ரக்பி லீக் அணி அண்மை ஆண்டுகளில் பெற்ற மறக்க முடியாத வெற்றிகளைத் தொகுத்துத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். கிரிக்கெட்டுக்கே பக்கத்தின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் நம் இதழ்களில், மேற்கு சிட்னியில் நாம் வாழும் தெருக்களிலிருந்து ரயிலேறினால் சற்று நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் அணிக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், வெற்றிகளை வரிசைப்படுத்திய விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2023 இறுதி ஆட்டத்துக்குக் கட்டுரையாளர் முதலிடம் கொடுத்து ஏறக்குறைய பாதிக் கட்டுரையை அதற்கே செலவிட்டிருக்கிறார். 2021-இல் அந்த அணி கோப்பையை நோக்கி நடந்த மூன்று வாரங்களை, புள்ளிகள் குறைவாக விழுந்த சுவையற்ற ஆட்டங்கள் என்ற பொருளில் ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த மூன்று வாரங்கள்தாம் பட்டியலின் தலைப்பில் நிற்க வேண்டியவை என்பதும், அவற்றை விட்டுவிட்டால் 2023-இன் வெற்றியும் புரியாது என்பதும் என் கருத்து.

பள்ளி நாட்களில் கண்டியிலோ கொழும்பிலோ ரக்பி பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் பார்த்தது பதினைந்து பேர் ஆடும் யூனியன் வகை. லீக் வகையில் ஓர் அணிக்கு பதின்மூன்று பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கப்படும் வரை பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஆறாவது டேக்கிளோடு பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிக்கும் டிரைக்கு 4 புள்ளி, அதைத் தொடரும் கன்வர்ஷன் உதைக்கு 2, தண்டனை உதைக்கு 2. இந்த எளிய கணக்குக்குள் எவ்வளவு பொறுமை அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டிய அணி பென்ரித். வெறும் ஸ்கோரை மட்டும் அச்சிட்டால் அந்தப் பொறுமை வாசகரின் கண்ணில் படாது.

2021-ஐப் பேசுவதற்கு முன் 2020-ஐச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு வழக்கமான சுற்றில் 18 வெற்றி, ஒரு சமன், ஒரே ஒரு தோல்வி என்று பென்ரித் முதலிடம் பிடித்தது. தொடர்ச்சியாக 17 ஆட்டங்களை வென்ற நிலையில் அக்டோபர் 25 அன்று மெல்போர்ன் ஸ்டார்ம் அணியை இறுதி ஆட்டத்தில் சந்தித்தது. இடைவேளையின்போது ஸ்கோர் 22-0, பூஜ்யம் பென்ரித்துடையது. பென்ரித்தின் நேதன் கிளியரி வீசிய பாஸ் ஒன்றை மெல்போர்னின் சுலியாசி வுனிவாலு இடைமறித்து, மைதானத்தின் மறுகோடி வரை ஓடி டிரை வைத்தார். இறுதியில் 26-20 என்று இடைவெளி சுருங்கினாலும், பிஞ்சு அணி, பெரிய மேடையில் கை நடுங்கிவிட்டது என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு கொரோனா காரணமாகப் பிற மாநில அணிகள் எல்லாம் குயின்ஸ்லாந்துக்கு இடம்பெயர்ந்தன; பென்ரித் வீரர்கள் சன்ஷைன் கோஸ்ட்டில் மாதக்கணக்கில் தங்கி ஆடினார்கள். இங்கே நிலைமை எப்படி இருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பிளாக்டவுன், கம்பர்லேண்ட், பரமட்டா மாநகராட்சிப் பகுதிகளும் பென்ரித்தின் சில புறநகர்களும் தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தன. இரவு ஊரடங்கு சில வாரங்கள் நீடித்தது. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியாது. கடற்கரைப் புறநகர்களில் இருந்தவர்களைவிட நம் பக்கத்து மக்களே இறுக்கமாக அடைபட்டிருந்தோம். ஓர் அணி தன் ஊர் ரசிகர் ஒருவர்கூட நேரில் வர முடியாத நிலையில் டவுன்ஸ்வில், மெக்காய், பிரிஸ்பேன் என்று அலைந்து ஆடியது. இந்தச் சூழல் கட்டுரையில் இடம்பெறவில்லை என்பதே எனக்கு முதல் குறை.

செப்டம்பர் 11 அன்று டவுன்ஸ்வில்லில் நடந்த, இறுதித் தொடரின் முதல் வார ஆட்டத்தில் சவுத் சிட்னி ரேபிட்டோஸ் அணியிடம் 16-10 என்று பென்ரித் தோற்றது. பட்டியலில் முதல் நான்கு இடங்களுக்குள் முடித்த அணிக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்ற ஆட்டம்தான். அடுத்த வாரம் மெக்காயில் பரமட்டா ஈல்ஸ் அணியை 8-6 என்று வென்றது. இந்த ஆட்டத்தைப் பற்றி வெண்ட்வொர்த்வில்லில் வசிக்கும் நான் சற்று எச்சரிக்கையுடன் எழுத வேண்டும். என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஈல்ஸ் ரசிகர்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பரமட்டா அழுத்திக்கொண்டிருந்த வேளையில், பென்ரித்தின் உதவியாளர் ஒருவர் காயமடைந்த வீரருக்காக உள்ளே ஓடி வந்ததும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அதற்காக லீக் நிர்வாகம் பின்னர் அணிக்கு அபராதமும் விதித்தது. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்று ஈல்ஸ் தரப்பு இன்றும் சொல்கிறது. மாறியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. எனினும் அதற்கு முந்தைய எழுபத்தைந்து நிமிடங்களுக்கு மேலாகப் பரமட்டாவை ஆறு புள்ளிக்குள் கட்டிப்போட்டது எந்த உதவியாளரும் இல்லை.

அடுத்ததுதான் என் பட்டியலின் முதல் ஆட்டம். செப்டம்பர் 25, பிரிஸ்பேன், எதிரணி மெல்போர்ன். அந்த ஆண்டு தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்று பழைய சாதனையைச் சமன் செய்திருந்த அணி அது; முந்தைய ஆண்டு கோப்பையைத் தட்டிப் பறித்ததும் அதுவே. இரண்டு அணிகளும் வழக்கமான சுற்றில் 21 வெற்றி, 3 தோல்வி என்று சமமாக நின்றன. புள்ளி வித்தியாசத்தில்தான் மெல்போர்ன் முதலிடம் பெற்றது. மெல்போர்ன் அந்த ஆண்டு எதிரணிகள் மீது புள்ளிகளைக் கொட்டிக் குவித்தது. பென்ரித்தோ 24 ஆட்டங்களில் 286 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்திருந்தது, அதாவது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 12-க்கும் குறைவு. அதிகம் எடுப்பவனும் அரிதாகக் கொடுப்பவனும் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்விக்கு 10-6 என்று விடை கிடைத்தது.

பென்ரித் அதை எப்படிச் சாதித்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பந்து தன் கோட்டருகே கைக்கு வந்ததும் முதல் இரண்டு ஓட்டங்களை முன்வரிசைப் பருமன்கள் ஓடுவதில்லை. விங்கில் ஆடும் பிரையன் டோஓவும் பின்காவலர் டிலன் எட்வர்ட்ஸும் ஓடுவார்கள். டோஓ உயரமானவர் அல்லர். ஆனால் மூன்று பேர் தொங்கினாலும் கால்களை நிறுத்தாமல் இன்னும் நாலு மீட்டர் இழுத்துக்கொண்டு போவார். அந்த நாலு மீட்டரால் பெரிய முன்வரிசை வீரர்களுக்கு மூச்சு மிச்சமாகும். நடுவே ஐசையா இயோ பந்தை வாங்கி, கடைசி நொடி வரை யாருக்குக் கொடுப்பார் என்று தெரியாதபடி வைத்திருந்து கைமாற்றுவார். ஐந்தாவது டேக்கிளில் நேதன் கிளியரி பந்தை வானுயர உதைப்பார். அது எதிரணி மூலையில் தள்ளாடிக்கொண்டு இறங்குவதற்குள் நான்கு பேர் கீழே காத்திருப்பார்கள். எதிரணி தன் கோட்டுக்குப் பத்து மீட்டருக்குள் சிக்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். மறுபடியும் அதே வேலை, மறுபடியும் அதே மூலை. தொலைக்காட்சித் தொகுப்புகளில் இந்த நிகழ்ச்சிகள் ஒன்றும் வராது, ஏனென்றால் இவற்றில் டிரை விழுவதில்லை. மெல்போர்ன் போன்ற ஓர் அணியை ஆறு புள்ளியோடு நிறுத்தியது இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான். அன்று எதிரணியின் ஆட்டக்காரர்கள் பந்தைக் கைநழுவ விட்டதை விமர்சகர்கள் குறை சொன்னார்கள்; ஓயாமல் இடிபட்டவர்களின் கைகளில் பந்து எப்படி நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 3 அன்று அதே பிரிஸ்பேன் மைதானத்தில் இறுதி ஆட்டம். மேட் பர்ட்டன் பென்ரித்துக்கும், கோடி வாக்கர் சவுத் சிட்னிக்கும் டிரை வைத்தார்கள்; பிறகு ஸ்கோர் 8-8 என்று சமமாக நின்றது. இரண்டாம் பாதியில் வெகுநேரம் யாருக்கும் டிரை கிடைக்கவில்லை. பிறகு வாக்கர் இடப்பக்கம் வீசிய நீண்ட பாஸை பென்ரித்தின் ஸ்டீபன் கிரைட்டன் நடுவழியில் பறித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். முந்தைய ஆண்டு இடைமறிப்பால் இழந்ததை இந்த ஆண்டு இடைமறிப்பால் மீட்டார்கள். 14-8. முடிவதற்கு ஐந்து நிமிடங்கள் இருக்கையில் சவுத் சிட்னியின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் மூலையில் டிரை வைத்தார், 14-12. பக்கக்கோட்டருகிலிருந்து கன்வர்ஷன் உதைக்க வந்தவர் ஆடம் ரெனால்ட்ஸ், அந்தத் தலைமுறையின் மிகத் துல்லியமான உதைப்பாளர்களில் ஒருவர், சவுத் சிட்னிக்காக அதுவே அவருடைய கடைசி ஆட்டம். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. கடைசி நேரத்தில் தொலைவிலிருந்து அவர் முயன்ற, பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் இரண்டு புள்ளி ட்ராப் உதையும் சென்று சேரவில்லை. எங்கள் தெருவில் அன்றிரவு மாடங்களிலும் முன்வாசல்களிலும் நின்று ஆளாளுக்குப் பாத்திரங்களைத் தட்டினார்கள். யாரும் யாருடைய வீட்டுக்கும் போக முடியாது, ஊரடங்கு தளர இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. ஈல்ஸ் ரசிகரான எதிர்வீட்டு அண்ணர்கூட வேலியோரம் வந்து நின்று, மேற்குப் பக்கம் வென்றது போதும் என்றார்.

மூன்று ஆட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். பென்ரித் எடுத்தவை 8, 10, 14, ஆக 32 புள்ளிகள். கொடுத்தவை 6, 6, 12, ஆக 24. சில அணிகள் ஒரே மாலையில் எடுத்துவிடும் புள்ளிகளை வைத்து மூன்று உயிர்ப்போராட்டங்களை வென்றிருக்கிறார்கள். கிளியரி தோள் காயத்தோடே அந்த வாரங்களை ஆடி முடித்து, பிறகு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். சுவையற்ற ஆட்டங்கள் என்று கட்டுரையாளர் எழுதியது இவற்றைத்தான்.

இந்தக் குணம் அந்த அணிக்குப் புதியதும் அன்று. 1967-இல் போட்டிக்குள் வந்த பென்ரித், 1991-இல் கான்பெர்ராவை 19-12 என்று வென்று முதல் கோப்பையைப் பெற்றது. 2001-இல் கடைசி இடத்தில் முடித்த அதே அணி இரண்டே ஆண்டுகளில், 2003-இல், சிட்னி ரூஸ்டர்ஸை 18-6 என்று வென்றது. அந்த ஆட்டத்திலிருந்து இன்றளவும் நினைவில் நிற்பது டிரை அன்று, ஒரு டேக்கிள்: ஸ்கோர் 6-6 என்றிருந்தபோது பக்கக்கோட்டை ஒட்டிப் பறந்துகொண்டிருந்த ரூஸ்டர்ஸின் டாட் பைர்னை, அவரைவிட வேகம் குறைந்த பென்ரித்தின் ஸ்காட் சாட்லர் மழையில் நனைந்த மைதானத்தின் குறுக்கே விரட்டிப்போய்த் தள்ளி, கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார். ஒரு கோப்பையின் அடையாளமாகத் தற்காப்பைப் போற்றும் ஊர் அது. அங்கே வளரும் சிறுவர்களுக்கு அந்தப் படம் மனப்பாடம்.

2022 இறுதி ஆட்டத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு சிட்னியின் இரண்டு அணிகள் மோதின, பென்ரித் பரமட்டாவை 28-12 என்று வென்றது, இடைவேளையிலேயே 18-0. வெற்றி பெரியது, ஆட்டம் அவ்வளவு பெரியதன்று. அந்த ஆண்டில் உண்மையில் வியப்புக்குரியது வேறு. பென்ரித் கழகத்தின் இளையோர் அணிகளும் இரண்டாம் நிலை அணியும் தத்தம் போட்டிகளை வென்று, நான்கு நிலைகளில் கோப்பை ஒரே கழகத்துக்கு வந்தது. வீரர்களின் ஊதிய உச்சவரம்பு இருக்கும் போட்டியில் இது ஏன் முக்கியம் என்பதைத் தங்கள் கட்டுரை தொட்டிருக்க வேண்டும். வென்ற அணியால் எல்லாரையும் தக்கவைத்துக்கொள்ள முடியாது. 2021 முடிந்ததும் பர்ட்டன் போனார். 2022 முடிந்ததும் அபி கொரோய்சாவும் வில்லியாமே கிக்காவும் போனார்கள். 2023 முடிந்ததும் கிரைட்டன் போனார். 2024 முடிந்ததும் ஜரோம் லுவாயும் ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸும் போனார்கள். ஒவ்வொரு ஆண்டும் காலியான இடத்தை நிரப்பியவர்களில் பலர் மவுண்ட் டிரூயிட், செயின்ட் மேரிஸ் போன்ற இடங்களின் சிறுவர் கழகங்களிலிருந்தும், டப்போ போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். இயோவும் பர்ட்டனும் டப்போக்காரர்கள். லுவாய், டோஓ, கிரைட்டன் மூவரும் மவுண்ட் டிரூயிட் பக்கத்து சமோவா குடும்பத்துப் பிள்ளைகள். 2022 உலகக் கோப்பையில் சமோவாவை முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்ற அணியிலும் மூவரும் இருந்தார்கள்.

இனி 2023. அக்டோபர் 1 அன்று 81,947 பேர் திரண்ட சிட்னி மைதானத்தில், பிரிஸ்பேன் பிரான்கோஸ் அணியின் இருபது வயது எஸ்ரா மாம் இடைவேளைக்குப் பின் அடுத்தடுத்து மூன்று டிரை வைத்து ஸ்கோரை 24-8 ஆக்கினார். லுவாய் தோள் காயத்தோடு வெளியேறினார்; அவருக்குப் பதில் ஜாக் காகர். மீதி இருந்தது ஏறத்தாழ இருபது நிமிடங்கள். அதற்குள் பென்ரித்துக்காக டிரை வைத்தவர்கள் மோசஸ் லியோட்டா, கிரைட்டன், கடைசியாக 76-ஆவது நிமிடத்தில் தற்காப்பு வரிசையை ஊடுருவிக்கொண்டு நேதன் கிளியரி. 26-24. இறுதி ஆட்டங்களின் வரலாற்றிலேயே 16 புள்ளி பின்தங்கி மீண்ட அணி வேறில்லை. 1999-இல் மெல்போர்ன் 14 புள்ளி பின்தங்கி மீண்டதே அதற்கு முந்தைய சாதனை. 1981 முதல் 1983 வரை பரமட்டா வென்ற பிறகு தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற அணியும் இதுவே. இவ்வளவையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார்; கிளியரியைப் புகழ்ந்ததிலும் எனக்குக் குறையில்லை.

அவர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் வைத்த டிரைகள் நான்கு, நான்கு. நான்கையும் இரு அணியும் கன்வர்ஷன் செய்தன. ஆக 24-க்கு 24. வித்தியாசமாக நின்ற இரண்டு புள்ளி, முதல் பாதியில் பென்ரித் எடுத்த ஒரு தண்டனை உதை. டிரைக்குப் போகலாமே என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, கிடைத்த இரண்டை எடுத்துவைத்தார்கள். மெக்காயில் 8-6 என்று வென்ற அணிக்குத்தான் இரண்டு புள்ளியின் விலை தெரியும். மாமின் மூன்றாவது டிரைக்குப் பிறகு பிரிஸ்பேனை மேலும் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் கடைசி வரை பூட்டியதும் அதே பழக்கந்தான். அந்தப் பூட்டு இல்லாமல் கிளியரியின் மாயத்துக்கு வேலையே இருந்திருக்காது. தோற்ற பிரிஸ்பேனின் தலைவர் யார் தெரியுமா? அதே ஆடம் ரெனால்ட்ஸ். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு வெவ்வேறு அணிகளுக்காக, அதே எதிரணியிடம், இரண்டு இறுதி ஆட்டங்களையும் இரண்டே இரண்டு புள்ளியில் இழந்த அந்த மனிதரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

2024 அக்டோபர் 6 அன்று மெல்போர்னை 14-6 என்று வென்ற ஆட்டம் நான் சொல்வதற்கு மற்றொரு சான்று. ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அன்று போனது இரண்டாம் வரிசையில் நாள் முழுக்க மோதிக்கொண்டேயிருந்த லியாம் மார்ட்டினுக்கு. 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் அணி தொடர்ந்து பதினொரு முறை வென்றது; அதற்குப் பின் நான்காவது கோப்பையைத் தொடர்ச்சியாக எட்டிய அணி பென்ரித் ஒன்றே. ஆஸ்திரேலிய, இங்கிலாந்து வாகை அணிகள் மோதும் உலகக் கழகச் சவாலில் மட்டும் இங்கிலாந்து அணிகள் இவர்களை விடவில்லை. 2023-இல் செயின்ட் ஹெலன்ஸிடம் 13-12, 2024-இல் விகனிடம் 16-12 என்று தோற்றார்கள். வெற்றிகளின் பட்டியலென்றாலும் இதையும் ஓரத்தில் குறித்திருந்தால் கட்டுரை நேர்மையாக இருந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பக்கத்தில் மறுபடியும் இத்தகைய பட்டியல் வருமானால், 2021 செப்டம்பர் 25-இன் 10-6-ஐ முதலிலும், அக்டோபர் 3-இன் 14-12-ஐ அடுத்தும், 2023-ஐ மூன்றாவதாகவும் வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். பரமட்டா ஆட்டத்தை, எதிர்வீட்டு அண்ணரை முன்னிட்டு, நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது இடம் 2014-இல் ரூஸ்டர்ஸை ஜேமி சோவர்டின் ட்ராப் உதையால் 19-18 என்று வென்ற தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு. நேதனின் தந்தை ஐவன் கிளியரி முதல் முறை பயிற்சியாளராக இருந்த காலத்து அந்த வெற்றியை இளைய ரசிகர்கள் மறந்தே போய்விட்டார்கள். அப்படியே பிரிஸ்பேனுக்கும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். 2025-இல் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில், இடைவேளையின்போது 14-0 என்று பின்தங்கியிருந்தும் 16-14 என்று வென்று, பென்ரித்தின் தொடர்ச்சியான ஐந்தாவது கோப்பைக் கனவை முடித்துவைத்தவர்கள் அவர்கள். அதுவும் இரண்டு புள்ளியில். அடுத்த வாரம் மெல்போர்னை 26-22 என்று வென்று கோப்பையையும் எடுத்துப்போனார்கள். அவர்களுடைய பட்டியலில் எதற்கு முதலிடம் என்பதை அந்த ஊர் வாசகர்கள் எழுதட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
வெண்ட்வொர்த்வில், சிட்னி.